பெயர் பூவின் முதுகில் இருக்கிறது

காட்டுப்பூ ஒன்றைக் கண்டதும் எல்லோரும் எடுப்பது அதன் முகத்தைத்தான். இதழ் விரிந்த பக்கம், நேர் மேலிருந்து, சட்டம் நிறைய ஒரே பூ. பார்க்க நன்றாக இருக்கும், பெயர் சொல்லத்தான் உதவாது. "மஞ்சள் பூ, ஐந்து இதழ்" என்று மட்டும் வைத்துக்கொண்டால் துத்தி, நிலத்துத்தி, அரிவாள்மனைப்பூண்டு, நெருஞ்சில் எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். அவற்றைப் பிரித்துக் காட்டும் குறிகள் பூவின் பின்னால் இதழ்களைத் தாங்கும் புல்லியிலும், பூக்காம்பிலும், அது கிளம்பும் கணுவிலும், எல்லாவற்றையும்விடக் காயிலும் இருக்கின்றன. தவறான பெயரோடு சுற்றும் படங்களைத் திருத்த உட்கார்ந்தால் சில நாளிலேயே இது பிடிபட்டுவிடும். படம் எடுத்தவரின் கண் பெரும்பாலும் தவறு செய்வதில்லை, அவர் எடுக்காமல் விட்ட பக்கம்தான் காலை வாருகிறது.

இதற்குக் கீழாநெல்லியைவிட நல்ல பயிற்சிக்களம் கிடையாது. அந்தப் பெயரில் வரும் படங்களில் குறைந்தது நான்கைந்து வேறு செடிகள் கலந்திருக்கும். மருந்துக்காகப் பறிக்கிறவர்களும் படத்தை நம்பிப் பறிப்பதால், இங்கே அலட்சியத்துக்கு இடமில்லை.

முதலில் தண்டைக் கிள்ளிப் பாருங்கள். பால் வந்தால் அது அம்மான் பச்சரிசியின் உறவான யூஃபோர்பியா, கீழாநெல்லியே அல்ல. படத்தில் கிள்ளிப் பார்க்க முடியாது. அப்போது இலை அமைப்பைப் பார்க்க வேண்டும். பச்சரிசி வகைகளில் இலைகள் ஒன்றுக்கொன்று எதிரெதிராக, ஜோடி ஜோடியாக நிற்கும். கீழாநெல்லியில் அவை இடமும் வலமுமாக மாறி மாறி வரும். அடுத்தது நடுத்தண்டு. கீழாநெல்லியின் நடுத்தண்டில் உண்மையான இலை இருக்காது, சிறு செதில்கள் மட்டும்தான் இருக்கும். இலைகளெல்லாம் பக்கவாட்டில் நீளும் மெல்லிய சிறு கிளைகளில் இரு வரிசையாக அடுக்கியிருப்பதால், அந்தச் சிறு கிளையே புளிய இலைபோல ஒரு கூட்டிலையாகத் தோன்றும். அது கூட்டிலை அல்ல என்பதற்குச் சான்று அடியில் தொங்கும் பூவும் காயும். கூட்டிலையின் சிற்றிலைகளுக்கு அடியில் பூ வராது. மேலாநெல்லி எனப்படும் ஃபில்லாந்தஸ் மதராஸ்படென்சிஸில் நடுத்தண்டிலும் இலை உண்டு. அது சுற்றிச் சுற்றி வரும். இலையும் நுனியில் அகன்று அடியில் ஆப்புபோலக் குறுகும்.

இவ்வளவு தாண்டியபின் மிஞ்சுவதுதான் உண்மையான சிக்கல். கீழாநெல்லி என்று பொதுவாகச் சொல்லப்படும் ஃபில்லாந்தஸ் அமாரஸும் அதன் உறவான ஃபில்லாந்தஸ் யூரினேரியாவும் மேலிருந்து எடுத்த படத்தில் இரட்டைப் பிள்ளைகள். கிளையைத் திருப்பினால் விடை தெரிந்துவிடும். அமாரஸின் காய் வழுவழுப்பாக, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் காம்பில் தொங்கும். யூரினேரியாவின் காய் காம்பே இல்லாததுபோல் கிளையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும், மேற்பரப்பு சொரசொரவென்று பருப்பருவாக இருக்கும். செடி பல நேரம் செம்மை ஓடியிருக்கும் என்றாலும் நிறத்தை நம்ப வேண்டாம், வெயிலில் நின்ற அமாரஸும் சிவக்கும். காய் முற்றியிருந்தால் விதையைப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், பத்து மடங்கு கை லென்ஸ் வேண்டும். அமாரஸ் விதையின் முதுகில் வரிகள் நீளவாக்கில் ஓடும். யூரினேரியாவில் குறுக்குவாக்கில், வாய்க்கால் வெட்டிய வயல்போல இருக்கும். ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு இனிமேல் சந்தேகம் வராது.

இன்னும் ஒரு படி போக வேண்டுமானால் புல்லியை எண்ண வேண்டும். காய்க்கு அடியில் புல்லிகள் உதிராமல் நட்சத்திரம்போல நிற்கும். ஐந்து என்றால் அமாரஸ். ஆறு என்றால் ஃபில்லாந்தஸ் ஃப்ரடெர்னஸ், ஃபில்லாந்தஸ் டெபிலிஸ் பக்கம் போக வேண்டும். ஒரே காயைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. ஐந்தாறு காய்களைத் திருப்பி எண்ணுங்கள், ஒரு பூவில் எண்ணிக்கை பிசகுவது செடிகளில் சாதாரணம். இவற்றையெல்லாம் ஒட்டுமொத்தமாக ஃபில்லாந்தஸ் நிரூரி என்று எழுதும் பழக்கம் பழைய நூல்களிலிருந்து வந்தது. உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஆசியாவிலிருந்து அந்தப் பெயரில் வரும் படத்தைக் கண்டால், படத்தைப் பார்க்கும் முன்பே புருவத்தைக் கொஞ்சம் உயர்த்தலாம்.

எடுக்க வேண்டிய படங்கள்

ஒரு செடிக்கு ஒரு படம் என்ற கணக்கை விட்டுவிட வேண்டும். குறைந்தது ஏழு வேண்டும். முழுச் செடியும் நிற்கும் நிலையில் ஒன்று, தரையில் படர்கிறதா நிமிர்கிறதா என்பது அதில்தான் தெரியும். பூவின் முகம் ஒன்று. பூவைப் பக்கவாட்டில் ஒன்று, புல்லிக்குழலும் காம்பும் தெரிய வேண்டும். பூவின் முதுகு ஒன்று. இலையின் மேற்பக்கமும் அடிப்பக்கமும் ஒரே படத்தில் வருவதுபோல ஓர் இலையைத் திருப்பி வைத்து ஒன்று. இலை தண்டோடு சேரும் கணு ஒன்று. காய் இருந்தால் காய், முடிந்தால் பிளந்து விதையோடு. இதில் கணுவைத்தான் எல்லோரும் மறப்பார்கள். இலையடிச் செதில் இருக்கிறதா, எந்த வடிவம், இலைக்காம்பு தண்டைத் தழுவுகிறதா, மயிர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாதி விடை அங்கேதான் கிடக்கிறது.

அளவுக்கு மில்லிமீட்டர் கோடு போட்ட சிறு அளவுகோல் போதும். அதைப் பூவுக்குப் பக்கத்தில், பூ இருக்கும் அதே தொலைவில் பிடிக்க வேண்டும். பூவுக்குப் பின்னால் தரையில் கிடக்கும் அளவுகோல் பூவைப் பெரிதாகக் காட்டிப் பொய் சொல்லும். விரலை அளவாக வைப்பதில் தப்பில்லை, ஆனால் குழந்தை விரலா பெரியவர் விரலா என்பது படத்தில் தெரியாது.

கைபேசியில் எடுக்கும்போது மிக அருகில் கொண்டுபோனால் பல கருவிகள் தாமாகவே அகல லென்சுக்குத் தாவிவிடும். ஓரங்கள் வளைந்து, இலையின் வடிவமே மாறித் தெரியும். ஒரு சாண் தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுப்பது நல்லது. நடுப்பகல் வெயிலில் வெள்ளைப் பூவும் மஞ்சள் பூவும் வெளுத்துத் தட்டையாகிவிடும். தும்பையின் மேல் உதட்டில் இருக்கும் பஞ்சு மயிர் ஒரு வெள்ளைத் திட்டாகத்தான் பதியும். உங்கள் நிழல் செடிமேல் விழுமாறு நின்று, ஒளியளவைக் கொஞ்சம் குறைத்து எடுத்தால் நரம்பு வரை கிடைக்கும். தண்டின் மயிர் தெரிய வேண்டுமானால் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். வெளிச்சம் பின்னாலிருந்து வரட்டும், பின்னணி இருட்டாக இருக்கட்டும். மயிர்கள் வெள்ளிக் கம்பிபோல மின்னும். நுனியில் பிசின் துளி இருந்தால் அதுவும் தெரியும். துத்தியின் உறவுகளில் ஒட்டும் மயிர் உள்ளதையும் இல்லாததையும் இப்படித்தான் பிரிக்க முடிகிறது.

படத்தில் வராதவற்றை எழுதித்தான் வைக்க வேண்டும். கசக்கினால் வரும் வாசனை, கிள்ளினால் வரும் பால், தொட்டால் ஒட்டுகிறதா, பூ விரிந்த நேரம். செய்தி அனுப்பும் செயலிகள் வழியாகப் படம் போகும்போது படத்தோடு பதிந்திருக்கும் நாள், இடத் தகவல் பெரும்பாலும் கழன்றுவிடும். மூலப் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, நாள், இடம், மண் ஈரமா வறட்சியா என்பதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

நிறம் ஒரு சாட்சியே அல்ல என்று சொல்லிவிட மாட்டேன், ஆனால் கடைசியாக விசாரிக்க வேண்டிய சாட்சி. நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவில் உள்ள பூக்களைக் கைபேசி ஒவ்வொரு வெளிச்சத்தில் ஒவ்வொரு விதமாகக் காட்டும். ஒரே பூவைக் காலை நிழலில் எடுத்தால் நீலம், மாலை வெயிலில் எடுத்தால் இளஞ்சிவப்பு கலந்த ஊதா.

நீலப்பூக் குழப்பம்

கானாவாழைக் கூட்டம் இதற்கு நல்ல உதாரணம். ஈர நிலங்களிலும் வயல் வரப்பிலும் நீலமாகப் பூப்பவை எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பெயரை ஒட்டிவிடுகிறார்கள். பூவைப் பொதிந்திருக்கும் மடல் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. படகுபோல மடிந்த ஒரு பச்சை மடலுக்குள்ளிருந்து பூ எட்டிப் பார்த்தால் அது கானாவாழை சேர்ந்த கோம்மெலினா. மடலே இல்லாமல் மெல்லிய காம்புகளில் மூன்று இதழும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் முர்டானியா பக்கம் போங்கள். மகரந்தத்தாள்கள் ஆறும் நீல மயிர் தாடியோடு சிலிர்த்து நின்றால் சயனோட்டிஸ்.

கோம்மெலினா என்று உறுதியானதும் மடலின் அடியைப் பாருங்கள். கோம்மெலினா பெங்காலென்சிஸில் மடலின் இரு ஓரங்களும் அடியில் ஒட்டி, சிறு புனல்போல இருக்கும். கோம்மெலினா டிஃப்யூசாவில் ஓரங்கள் அடிவரை பிரிந்தே இருக்கும், விரலால் விரித்தால் புத்தகம்போலத் திறக்கும். இலையும் கைகொடுக்கும். முன்னதில் அகன்ற முட்டை வடிவம், பின்னதில் ஒடுங்கிய ஈட்டி வடிவம். பெங்காலென்சிஸின் இலையுறை வாயில் செம்பழுப்பு மயிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும், கணுப் படம் எடுத்தவருக்கு இது இலவசமாகக் கிடைக்கும். சந்தேகம் தீராவிட்டால் ஒரு செடியை வேரோடு மெல்லத் தோண்டிப் பார்க்கலாம். பெங்காலென்சிஸ் மண்ணுக்கடியிலும் வெளுத்த தண்டில் விரியாத பூக்களை வைத்துத் தானே கருவுற்று விதை பிடிக்கும். களையாக இதை ஒழிக்க முடியாமல் தவிப்பவர்களுக்குக் காரணமும் இதுதான்.

இந்தப் பூக்கள் நண்பகலுக்குள் சுருண்டு குழைந்துவிடும். பிற்பகல் படத்தில் பூ என்று தெரிவது ஒரு நீலக் கூழ். துத்தி இதற்கு எதிர், அது பெரும்பாலும் மாலையில்தான் விரியும். காலையில் அதே இடத்தில் முழுதாக விரிந்திருக்கும் மஞ்சள் பூவை யாராவது துத்தி என்று எழுதியிருந்தால் சிடாவாக (நிலத்துத்தியும் அரிவாள்மனைப்பூண்டும் சேர்ந்த கூட்டம்) இருக்குமோ என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஆனாலும் துத்தியையும் சிடாவையும் பிரிக்க நேரத்தை நம்ப வேண்டியதில்லை, காயை எண்ணினால் போதும். துத்தியின் காய் பதினைந்து இருபது பிளவுகள் சக்கரம்போல அடுக்கியது. சிடாவில் பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்துக்குள் முடிந்துவிடும். துத்தியின் ஒவ்வொரு பிளவிலும் இரண்டு மூன்று விதைகள் இருக்கும், சிடாவில் ஒன்றே ஒன்று. சிடாக்களுக்குள் பிரிப்பதற்கும் அதே பிளவுகள்தான். நிலத்துத்தி எனப்படும் சிடா கார்டிஃபோலியாவில் ஒவ்வொரு பிளவின் தலையிலும் இரண்டு நீண்ட கொம்புகள், அவற்றில் பின்னோக்கிய மயிர். அரிவாள்மனைப்பூண்டில் கொம்பு குட்டை. தரையில் படரும் சிடா கார்டேட்டாவில் கொம்பே கிடையாது. அரிவாள்மனைப்பூண்டின் கணுவில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஒரே இலையின் இரண்டு அடிச்செதில்களும் ஒன்றுபோல இருக்காது, ஒன்று நூல்போல ஒடுங்கியும் மற்றது பட்டையாகவும் இருக்கும்.

உண்ணும் செடிகளில் மட்டும் கூடுதல் கறார்

கரிசலாங்கண்ணி என்று போடப்படும் படங்களில் மூக்குத்திப்பூ அடிக்கடி புகுந்துவிடும். இரண்டும் வெள்ளை, இரண்டும் பாதையோரம். மூக்குத்திப்பூவின் தலை பத்து இருபது சென்டிமீட்டர் நீளக் காம்பில் தனியாக ஆடும். சுற்றிலும் மூன்று முதல் ஆறு இதழ்கள்தான், ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பற்கள், நடுவே மஞ்சள். கரிசலாங்கண்ணியின் தலை ஒரு சென்டிமீட்டருக்கு உள்ளேயே நின்றுவிடும், காம்பு குட்டை, சுற்றிலும் எண்ண முடியாத மெல்லிய வெள்ளை நூல்கள், நடுவும் வெளிறியதே. முற்றிய விதையில் பஞ்சு பறந்தால் அது மூக்குத்திப்பூ, கரிசலாங்கண்ணிக்குப் பஞ்சு கிடையாது. கையில் செடி இருந்தால் தண்டை நசுக்கிச் சற்றுக் காத்திருங்கள். கரிசலாங்கண்ணிச் சாறு கறுத்துவிடும், பெயரே அதைத்தான் சொல்கிறது.

மஞ்சள் கரிசலாங்கண்ணியில் நிலைமை இன்னும் மோசம். தோட்டங்களில் தரைமூடியாக வளர்த்துப் பின் ஓடைக்கரைகளில் பரவிவிட்ட ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டாவின் படங்களே அந்தப் பெயரில் அதிகம் கண்ணில் படுகின்றன. அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த செடி. இலை மூன்று மடலாகப் பிரிந்திருப்பது தெளிவாகத் தெரியும், தடித்துப் பளபளக்கும், பூத்தலையும் பெரிது. மருந்துக்கும் கீரைக்கும் சொல்லப்படும் ஸ்பாக்னெட்டிகோலா காலெண்டுலேசியாவின் இலை மடல் பிரியாமல் ஒடுங்கி நீண்டு, ஓரத்தில் ஒன்றிரண்டு பற்களோடு நிற்கும். படத்தில் ஒரே ஒரு முற்றிய இலை தெரிந்தாலும் போதும், இதைத் திருத்திவிடலாம். இளந்தளிர் மட்டும் தெரிந்தால் பொறுங்கள், டிரைலோபேட்டாவின் நுனி இலைகளில் மடல் சரியாகப் பிரியாமலும் இருக்கும்.

வல்லாரைக்கு ஒரு வரி போதும். இலைக்காம்பு இலையின் வெட்டில் சேர்கிறதா, இலையின் நடுவயிற்றில் குடைக்கம்பிபோலச் சேர்கிறதா? நடுவில் என்றால் அது வல்லாரை இல்லை, அழகுக்கு வளர்க்கும் ஹைட்ரோகோட்டைல் வகை.

ஊமத்தையில் பூவைப் பார்த்து இனம் சொல்ல முயல்வது வீண் வேலை. காய் நிமிர்ந்து நின்று நான்கு பாகமாக ஒழுங்காக வெடித்தால் டட்டூரா ஸ்ட்ராமோனியம். காய் தலைகவிழ்ந்து தாறுமாறாக உடைந்தால் மற்ற இரண்டில் ஒன்று. முள் குட்டையாக, முனை மழுங்கி, செடி ஏறக்குறைய மயிரின்றி மொட்டையாக இருந்தால் டட்டூரா மெட்டெல். முள் நீண்டு மெலிந்து, செடி முழுக்கச் சாம்பல் மயிர் மெத்தென்று இருந்தால் டட்டூரா இனோக்சியா. மூன்றும் நஞ்சு. இங்கே இனம் தவறுவதால் ஆபத்து அதிகமாகிவிடாது. வேறு ஏதோ கீரையின் பெயரில் ஊமத்தை இளஞ்செடிப் படம் போவதுதான் ஆபத்து. அப்படி ஒன்றைக் கண்டால் வரிசையில் போட்டு வைக்காமல் அன்றே திருத்துங்கள்.

எருக்கில் ஒரு பொதுவான பிழை உண்டு. வெள்ளையில் ஊதா நுனி கொண்ட பூவைப் பார்த்து "வெள்ளெருக்கு" என்று எழுதிவிடுகிறார்கள். இதழ்கள் கிண்ணம்போல நிமிர்ந்து, நுனியில் மட்டும் ஊதா திட்டு இருந்தால் அது கலோட்ரோபிஸ் புரோசெரா என்ற வேறு இனம். வெள்ளெருக்கு என்று பெரும்பாலும் சொல்லப்படுவது கலோட்ரோபிஸ் ஜைஜான்டியாவின் வெண்பூ வடிவம். அதில் இதழ்கள் விரிந்து பின்னால் மடங்கும், நடுவிலுள்ள கிரீடம் தனியாகத் துருத்தி நிற்கும். நெருஞ்சிலும் யானை நெருஞ்சிலும் பெயரால் மட்டுமே உறவு. முன்னது கூட்டிலை, ஐந்து தனி இதழ். பின்னது தனி இலை, குழல் பூ, இரண்டின் குடும்பமே வேறு. இலையோடு கூடிய தண்டைத் தண்ணீரில் சுழற்றினால் யானை நெருஞ்சில் தண்ணீரைக் கொழகொழவென்று ஆக்கிவிடும்.

தவறு எங்கிருந்து வருகிறது

காரணம் தெரிந்தால் திருத்துவது எளிது. கொடிகள் ஒரு பெரிய காரணம். ஒரு செடியின்மேல் இன்னொரு கொடி ஏறி, இதன் இலைக்கு நடுவே அதன் பூ நிற்கும். படம் எடுப்பவர் இரண்டையும் ஒன்றாகவே நினைப்பார். பூவும் இலையும் குடும்பத்தாலேயே ஒத்துவரவில்லை என்றால் முதலில் பூக்காம்பைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிப் பாருங்கள், அது எந்தத் தண்டில் போய்ச் சேர்கிறது என்று. இன்னொன்று இடவலம் மாறிய படம். முன்பக்கக் கேமராவோ திருத்தும் செயலியோ படத்தை இடவலமாகப் புரட்டிவிட்டால் கொடி சுற்றும் திசையும் மாறிவிடும். வள்ளிக்கிழங்கு இனங்களில் சில இடம் சுற்றும், சில வலம் சுற்றும், டயோஸ்கோரியா அலேட்டாவையும் டயோஸ்கோரியா பல்பிஃபெராவையும் பிரிக்க இதையும் பார்ப்பார்கள். படத்தில் எழுத்து ஏதாவது இருந்தால் அது நேராகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வது ஒரு நொடி வேலை.

அடையாளம் சொல்லும் செயலிகளை ஏச வேண்டியதில்லை. பூவின் முகத்தை மட்டும் கொடுத்தால் அவை முகச்சாயலைத்தான் திருப்பித் தரும். பேரினம் வரை, அதாவது அறிவியல் பெயரின் முதல் சொல் வரை, அவற்றின் சொல்லை ஒரு துப்பாக வைத்துக்கொள்ளலாம், இனத்தைக் காயும் கணுவும் சொல்லட்டும். செயலி காட்டும் விழுக்காடு அதற்குத் தெரிந்த இனங்களுக்குள் மட்டுமே போட்ட கணக்கு. பட்டியலில் இல்லாத செடியை அது ஒருபோதும் சொல்லாது. தேடுபொறியில் ஒரே பெயரில் நூறு படம் வருவதும் சான்றாகாது. ஒரு தவறான படத்தை அத்தனை பேரும் எடுத்துப் போட்டிருப்பார்கள், எண்ணிக்கை நூறு என்றாலும் சாட்சி ஒன்றுதான்.

பெயர் மாற்றத்தைத் தவறு என்று எண்ணித் திருத்தக் கிளம்புகிறவர்களும் உண்டு. காசியா ஆரிக்குலேட்டா, சென்னா ஆரிக்குலேட்டா இரண்டும் ஆவாரைதான். வெடேலியா சைனென்சிஸ் என்று எழுதியிருந்தால் அது மேலே சொன்ன ஸ்பாக்னெட்டிகோலா காலெண்டுலேசியாவின் பழைய பெயர். இவை தவறான அடையாளம் அல்ல, பழைய சட்டைதான். கியூ தாவரவியல் பூங்காவின் "பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்" தரவுத்தளத்தில் பெயரைத் தட்டினால் இப்போது ஏற்கப்பட்ட பெயரும் பழைய பெயர்களும் வரும், இயல்பாக வளரும் நாடுகளும் வரும். திருத்தம் எழுதுமுன் அங்கே ஒரு நடை போய்வருவது நல்லது. ஊர்ப்பெயரில் சண்டை போடுவதும் பயனற்றது. ஒரே பெயர் ஓரிடத்தில் ஒரு செடிக்கும் அடுத்த இடத்தில் இன்னொன்றுக்கும் வழங்கும், இரண்டு பேரும் சரியாகவே இருப்பார்கள்.

திருத்தம் எழுதும் விதம்

"இது தவறு, இது யூரினேரியா" என்று எழுதினால் வாக்குவாதம்தான் வரும். எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்பதைப் படத்தில் சுட்டிக்காட்டுங்கள். "இரண்டாம் படத்தில் கிளையின் அடியில் தெரியும் காய்களுக்குக் காம்பு இல்லை, மேற்பரப்பும் சொரசொரப்பாக உள்ளது. அமாரஸில் காய் வழுவழுப்பாகக் காம்பில் தொங்கும். அதனால் இதை யூரினேரியா என்று நினைக்கிறேன்." இதில் மூன்று துண்டு இருக்கிறது: தெரிவது என்ன, மற்றதில் எப்படி இருக்கும், அதனால் என்ன. எடுத்தவரே தன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஒப்புக்கொள்வார், அடுத்த முறை காயையும் எடுப்பார். தெரியாத குறியைத் தெரிந்ததுபோல எழுதக் கூடாது. காய் மங்கலாக இருந்தால் மங்கலாக இருக்கிறது என்றே எழுதுங்கள்.

ஒருவரிடம் ஒரு தவறு கண்டால் அதே பெயரில் அவர் போட்ட மற்றப் படங்களையும் பாருங்கள். மனத்தில் ஒரு முகம் தவறாகப் பதிந்திருந்தால் அது எல்லாப் படத்திலும் அப்படியே திரும்ப வந்திருக்கும். நிறையப் படங்களைத் திருத்தும்போது செடி செடியாகப் போகாமல் குழப்ப ஜோடி ஜோடியாகப் போவது விரைவு. இன்று முழுக்கத் துத்தியும் சிடாவும், நாளை முழுக்கக் கானாவாழைக் கூட்டம். கண் ஒரே குறியில் பழகிவிடும். பழைய பெயரை அழிக்காதீர்கள். பழைய பெயர், புதிய பெயர், எந்தக் குறியால் மாற்றினோம், எப்போது என்று நான்கு கட்டம் போட்டு வையுங்கள். நாளைக்கு உங்கள் திருத்தமே தவறு என்று தெரியவந்தால் திரும்பிப் போக வழி வேண்டும், அது நடக்கத்தான் செய்யும்.

உயிரினப் படங்களைப் பதிந்து பலரும் பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் பெயர் நிலைக்க, சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போக வேண்டும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒருவர் தவறாகச் சொல்லிவிட்டால் அதைத் தூக்க மூன்று பேர் சரியாகச் சொல்ல வேண்டும். இருவர் தவறென்றால் ஐந்து பேர். ஆகவே தெரியாமல் "ஆமாம்" போடும் ஒரு சொடுக்கு இரண்டு மூன்று பேரின் வேலையைக் கூட்டிவிடுகிறது. ஆனால் தவறாகச் சொன்னவரே தன் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் ஒரே நொடியில் தீர்ந்துவிடும். பணிவாக எழுதுவதில் இப்படி ஒரு நடைமுறை லாபமும் இருக்கிறது. விக்கிப்பீடியாவுக்கான படங்கள் சேமிக்கப்படும் விக்கிமீடியா காமன்ஸில் கோப்பின் பெயரிலேயே தவறான இனம் இருந்தால், விளக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு வந்தால் வேலை முடியாது. கோப்பின் பெயர் மாற்றத்தைக் கோர வேண்டும், பகுப்பையும் மாற்ற வேண்டும், அந்தப் படம் எந்தெந்த மொழிப் பக்கங்களில் ஒட்டியிருக்கிறது என்று கோப்பின் அடியில் உள்ள பட்டியலைப் பார்த்து அங்கேயும் போய்க் கழற்ற வேண்டும். கடைசி வேலையைப் பலர் விட்டுவிடுவார்கள். கோப்பில் சரியான பெயர், கட்டுரையில் தவறான செடி என்று பாதியில் நிற்கும் திருத்தங்கள் நிறைய.

சில படங்களில் பேரினத்தோடு நின்றுவிடத்தான் வேண்டும். பூ மட்டும் தெரியும் தும்பைப் படத்தில் "லியூகாஸ்" வரைதான் நேர்மையாகப் போக முடியும், புல்லிக்குழலின் வாய் தெரிந்தால்தான் மேலே பேச்சு. மணத்தக்காளிக் கூட்டத்தில் பழுத்த காய் பளபளப்பா மங்கலா, காம்புகள் ஒரே புள்ளியிலிருந்து குடைபோலக் கிளம்புகின்றனவா சற்றுத் தள்ளித் தள்ளிக் கிளம்புகின்றனவா என்று தெரியாமல் சொலானம் அமெரிக்கானமா சொலானம் நைக்ரமா என்று சொல்வது ஊகம்தான். இந்தக் கூட்டத்தில் குரோமோசோம்களே 24, 48, 72 என்று இனத்துக்கு இனம் ஏறிப் போகின்றன, வெளித்தோற்றத்தில் அந்த வேறுபாடு அவ்வளவு துல்லியமாகத் தெரிவதில்லை.

அப்படி நின்றுபோன படங்களை "பெயர் தெரியாதவை" என்று ஒரே குவியலாகப் போடாதீர்கள். எது கிடைத்தால் தீரும் என்று ஒவ்வொன்றின்மேலும் எழுதி வையுங்கள்: "முற்றிய விதை", "மடலின் அடி", "புல்லியின் முதுகு", "காலைப் பூ". அடுத்த பருவத்தில் அந்த இடத்துக்குப் போகும்போது கையில் ஒரு பட்டியல் இருக்கும். கேமராவைத் திறக்குமுன் எந்தக் கிளையைத் திருப்ப வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.